தபாலில் வந்த ரெட்டை ஆறு

கொடைக்கானல்
8-2-1960

அன்புள்ள அண்ணன் அவர்களுக்குத் தங்கை சுந்தராம்பாள் வணக்கத்துடன் எழுதுவது. நான் சுகம். பனி இன்னும் விடவில்லை. காலையில் வாளித் தண்ணீரைக் கரண்டியால் தட்டி உடைத்துத்தான் முகம் கழுவுகிறேன். அங்கே உங்கள் உடம்பும் அண்ணி உடம்பும் எப்படி என்று எழுதவும்.

மிஸ்ஸம்மா போன மாதம் சீமைக்குப் போய்விட்டார்கள். பதினெட்டு வருஷம் அவர்களுக்குச் சமைத்துப் போட்ட கை, இப்போது ஒரு ஆளுக்கு எவ்வளவு அரிசி போடுவது என்று தெரியாமல் தடுமாறுகிறது. தோட்டத்து ஓரத்தில் இருக்கும் ரெண்டு அறை வீட்டையும் பின்னால் உள்ள பேரி மரங்களையும் என் பேருக்கு எழுதிவைத்துவிட்டார்கள். கூடவே அந்தப் பேக்கமன் பலகையையும் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

தீபாவளிக்கு நீங்கள் வந்தபோது ஆடினோமே, அதுதான். ஆளுக்குப் பதினைந்து காய், இருபத்து நாலு வீடு, ரெண்டு பகடை. தனியாக நிற்கிற காயை வெட்டலாம், ஜோடியாக நிற்பதைத் தொட முடியாது. காய்களையெல்லாம் சுற்றிக் கொண்டுவந்து தன் கட்டத்து ஆறு வீட்டுக்குள் சேர்த்து, முதலில் வெளியே எடுப்பவருக்கு ஜெயம். நீங்கள் கடைசிக் கையில் ரெட்டை ஆறு போட்டு ஜெயித்துவிட்டு, "இதுல மூளைக்கு என்ன சோலி? நம்ம தாயம் மாதிரித்தான். முருகன் உருட்டுறான், நாம காயைத் தள்ளுறோம்" என்றீர்கள். மிஸ்ஸம்மாகூடச் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பத்து வருஷமாகத் தினமும் டீ குடித்த பிறகு ஆடிக் கற்ற ஆட்டத்தை ஒரு வாய் வெற்றிலைக்குள் அடக்கிவிட்டீர்களே!

தனியாக மலையில் கிடந்து என்ன செய்யப் போகிறாய், மூட்டையைக் கட்டிக்கொண்டு பழனிக்கு வா என்று மறுபடியும் எழுதியிருக்கிறீர்கள். வர மாட்டேன் அண்ணா. அவர் போன பிறகு ஒரு வருஷம் உங்கள் வீட்டில் இருந்து பார்த்தேன். அதைப் பற்றி மேலே எழுத வேண்டாம். அண்ணிக்கு என் அன்பைச் சொல்லவும்.

சுந்தராம்பாள்


முருகன் துணை
பழனி அடிவாரம்
20-2-1960

தங்கை சுந்தராம்பாளுக்கு அண்ணன் குழந்தைவேல் ஆசீர்வாதம். நாங்கள் இருவரும் சௌக்கியம். தைப்பூசக் கூட்டம் போய் இப்போதுதான் கடையில் உட்கார இடம் கிடைத்தது. விபூதியும் சூடமும் விற்று விற்றுக் கை வெளுத்துக் கிடக்கிறது. உன் தலைவலி எப்படி? சுக்கு அனுப்பட்டுமா?

நாற்பத்து நாலு வயசிலும் உனக்குத் தோற்கத் தெரியவில்லை. சின்ன வயசில் தாயத்தில் தோற்றால் கட்டத்தைக் காலால் அழித்துவிட்டு ஓடுவாய். கோபப்படாதே. உனக்கு ஒரு வழி சொல்கிறேன். தபாலிலேயே ஆடுவோம். உன் பகடையை நீ உருட்டி எழுது, என் பகடையை நான் உருட்டி எழுதுகிறேன். சாட்சிக்கு மேலே ஒருத்தன் நிற்கிறான், அவன் போதும்.

பந்தயம் இதுதான். நான் ஜெயித்தால் வீட்டைப் பூட்டிவிட்டு நீ பழனிக்கு வந்துவிட வேண்டும். நீ ஜெயித்தால் இந்தப் பேச்சை நான் ஆயுசுக்கும் எடுக்க மாட்டேன். மகளைக் கட்டிக்கொடுத்த பிறகு இந்தப் பெரிய வீட்டில் நானும் குப்பம்மாளும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். நீ அங்கே ஒரு சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாய். எனக்கு இது சரியாகப் படவில்லை. மூளை பெரிதா, முருகன் பெரிதா, பார்த்துவிடுவோம்.

உன் அண்ணன்


கொடைக்கானல்
4-3-1960

அண்ணன் அவர்களுக்கு. உங்கள் கடிதம் வந்தது, சுக்கும் வந்தது. தலைவலி தேவலை.

பந்தயத்துக்குச் சம்மதம். மிஸ்ஸம்மா பெட்டியில் ரெண்டு ஜோடிப் பகடை இருந்தது. ஒரு ஜோடியைப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். பழைய தந்தப் பகடை. குழி தேய்ந்து வழுவழு என்றாகிவிட்டதால் மிஸ்ஸம்மா புள்ளிகளை மையால் வைத்திருக்கிறார்கள். வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். பலகையைச் சாக்கட்டியால் வரைந்துகொள்ளுங்கள். ஆட்டத்துக்குக் கார்டு, மற்ற விஷயத்துக்குக் கவர் என்று வைத்துக்கொள்வோம். வாரம் ரெண்டு கார்டு போனால் போதும்.

ஒன்றை மறக்க வேண்டாம். ரெண்டு பகடையிலும் ஒரே எண் விழுந்தால் அதை நாலு தடவை ஆடவேண்டும். நகர்த்த இடம் இருக்கிறவரைக்கும் விழுந்ததை ஆடியே தீரவேண்டும். பிடிக்கவில்லை, விட்டுவிடுகிறேன் என்று சொல்ல முடியாது.

நான் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை அண்ணா. ஜாம் போட்டுப் பெருமாள்மலையில் அப்துல் சலாம் பாய் கடைக்கு அனுப்புகிறேன். சீசனில் தங்குகிறவர்களுக்குச் சாப்பாடு செய்து கொடுக்கிறேன். இங்கே என் அடுப்பை நான் நினைத்த நேரத்தில் மூட்டுகிறேன், நினைத்த நேரத்தில் அணைக்கிறேன். பழனியில் யாருடைய அடுப்பில் எனக்கு இடம்? அண்ணியைக் குறை சொல்லவில்லை. நான் தோற்றால் வருவேன், சொன்னால் சொன்னதுதான். ஆனால் தோற்க மாட்டேன்.

சுந்தராம்பாள்


முருகன் துணை
பழனி அடிவாரம்
14-5-1960

தங்கைக்கு ஆசி. இங்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது. மற்றபடி குறைவில்லை. நீ மலைக் குளிரில் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன்.

கார்டில் எழுத இடம் போதவில்லை, அதனால் இந்தக் கவர். பார்த்தாயா, எப்படி விழுகிறது என் பகடை! போன பத்துக் கையில் மூன்று ரெட்டை ஆறு, ரெண்டு ரெட்டை ஐந்து. கடைத்தெருவில் எல்லாரும் கேட்கிறார்கள், "அண்ணாச்சி, கையில என்ன மை தடவிருக்கீங்க?" என்று. விபூதிதான் தடவியிருக்கிறேன் என்றேன்.

ஆனால் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. இவ்வளவு விழுந்தும் உன்னை நகர்த்த முடியவில்லையே! நான் ஆறு ஆறாகத் தாவி ஓடுகிறேன். ஓடுகிற காய் எங்கேயாவது தனியாக நிற்கிறது. நீ ரெண்டும் மூணுமாக அற்பமாக உருட்டிக்கொண்டு வந்து சரியாக அதன் தலையில் உட்காருகிறாய். இதுவரை நாலு தடவை வெட்டிவிட்டாய். நேற்று உன் கார்டு வந்ததும் வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு வாய்விட்டுச் சிரித்தேன். என்னடா இது, அடி வாங்கினவன் சிரிக்கிறானே என்று உன் அண்ணி திட்டினாள்.

காய்களை மாற்றிவிட்டேன். உனக்குக் கழற்சிக்காய், எனக்குப் புளியங்கொட்டை. கையால் தடவினாலே தெரிகிறது, வசதியாக இருக்கிறது.

உன் அண்ணன்


கொடைக்கானல்
10-6-1960

அண்ணன் அவர்களுக்கு. நான் சுகம். சீசன் முடிகிற நேரம், வீட்டில் நாலு பேருக்குச் சமையல். அண்ணி உடம்புக்கு ஒன்றுமில்லையே?

நம் ஆட்டம் இங்கே ஊர் ஆட்டமாகிவிட்டது. கார்டுதானே, தபால்காரர் செல்லப்பாண்டி வழியிலேயே படித்துவிடுகிறார். வாசலில் சைக்கிளைச் சாய்க்கும்போதே, "அக்கா, இன்னைக்கும் ரெட்டை ஆறு! ஒங்கண்ணன் உருட்டுறாரா, எழுதுறாரா?" என்று கத்துகிறார். எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. "ஏலே, எங்கண்ணன் கடையில ஒரு பொட்டலம் விபூதி எடை குறையாது, பகடையிலயா பொய் சொல்லுவாரு? வாயைக் கழுவிட்டு வா" என்று விரட்டிவிட்டேன். பாவம், டீ குடிக்காமல் போய்விட்டார்.

உங்கள் அதிர்ஷ்டத்தைப் பார்த்து எனக்குப் பொறாமை இல்லை, ஆச்சரியம்தான். மிஸ்ஸம்மா கையில்கூட இப்படி விழுந்து நான் பார்த்ததில்லை. ஆனால் அண்ணா, தாயத்தில்தான் பெரிய எண் எப்போதும் நல்லது. இதில் அப்படியில்லை. வேகமாக ஓடுகிறவனுக்குத் துணை தங்காது. நான் ஒவ்வொரு கையும் உருட்டுவதற்கு முன்னாலேயே, எது விழுந்தால் எங்கே போவது என்று யோசித்துவைக்கிறேன். நல்லது விழும் என்று எதிர்பார்ப்பதில்லை. கெட்டது விழுந்தாலும் உட்கார ஒரு இடம் இருக்கும்படி பார்த்துக்கொள்கிறேன்.

இன்னொன்று. ஒரு மாதமாகக் கார்டும் கவரும் அண்ணி கையெழுத்தில் வருகிறதே, ஏன்?

சுந்தராம்பாள்


முருகன் துணை
பழனி அடிவாரம்
5-7-1960

தங்கைக்கு ஆசி. நலம். கையெழுத்தைக் கேட்டிருந்தாய். வலது கை விரலில் நகச்சுத்தி. எலுமிச்சம்பழத்தைக் குத்தி வைத்திருக்கிறேன். நான் சொல்லச் சொல்லக் குப்பம்மாள் எழுதுகிறாள். அஞ்சாவது வரைக்கும் படித்தது இப்போது உதவுகிறது.

நீ எழுதியதை மூன்று தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டேன். கெட்டது விழுந்தாலும் உட்கார ஒரு இடம் என்றாயே, ராத்திரியெல்லாம் அதே யோசனை. உனக்கு விழுந்ததெல்லாம் கெட்டதுதானே சுந்தரம்? இருபத்தைந்து வயசில் தாலி போனது, என் வீட்டில் ஒரு வருஷம், பிறகு முன்பின் தெரியாத மலையில் ஒரு வெள்ளைக்காரி அடுப்படி. அதிலிருந்து ஒரு வீடும் பேரும் ஏற்படுத்திக்கொண்டாய். எனக்கு அப்பா கடையே விழுந்தது. நான் அதில் உட்கார்ந்ததைத் தவிர வேறென்ன செய்தேன்? உன்னைப் பார்த்தால் எனக்குப் பெருமையாக இருக்கிறது. எழுதிவிட்டேன், கர்வப்படாதே.

அதற்காக விட்டுக்கொடுப்பேன் என்று நினைக்காதே. உன்னிடமிருந்தே கற்று, ரெண்டு புளியங்கொட்டையை உன் கட்டத்து வாசலில் ஜோடியாக உட்காரவைத்திருக்கிறேன். மற்றதெல்லாம் என் கட்டத்துக்குள் வந்துவிட்டன. உன் கடைசி ரெண்டு காயும் என் ஜோடியைத் தாண்டித்தான் உள்ளே போகவேண்டும். ஒன்றாகப் போக முடியாது. ஒன்று போனால் மற்றது தனியாக நிற்கும். அப்போது வெட்டுவேன். பொறுமை எனக்கும் வரும்.

உன் அண்ணன்


கொடைக்கானல்
22-8-1960

அண்ணன் அவர்களுக்கு. என் கார்டு போய் மூன்று வாரமாகிறது. பதில் இல்லை. உடம்புக்கு என்ன? நகச்சுத்தி இத்தனை நாள் இருக்குமா? மழையில் பாதை சரிந்து தபால் நின்றதோ என்று செல்லப்பாண்டியைக் கேட்டேன். "மத்த ஊர்த் தபாலெல்லாம் வெள்ளனே வந்திருச்சுக்கா" என்கிறார்.

நீங்கள் வாசலில் போட்ட ஜோடி என்னைத் தூங்கவிடவில்லை. மிஸ்ஸம்மா இருந்தால் எழுந்து கை கொடுத்திருப்பார்கள். ஓட்டத்தில் நான் நாற்பது அடி முன்னால் இருக்கிறேன், இருந்தும் பயமாக இருக்கிறது. இந்தக் கையில் உங்களுக்குச் சின்னதாக ஏதாவது விழுந்தால் போதும், உங்கள் கட்டத்துக்குள் இருக்கும் காயை அசைத்துவிட்டு ஜோடியை அங்கேயே வைத்திருப்பீர்கள். அடுத்த கையில் நான் பிரிந்தே ஆகவேண்டும். சீசனில் நல்ல சாப்பாடு போட்டேன் என்று ஒரு துரை மனைவி ஆறு புதுத் தட்டு கொடுத்தாள். அதை அலமாரியில் அடுக்காமல் அப்படியே வைத்திருக்கிறேன். பழனிக்குக் கட்டிக்கொண்டு போகவேண்டியிருக்குமோ என்னவோ.

உடனே எழுதவும். ஆட்டம் கிடக்கட்டும், உடம்பைப் பற்றி எழுதவும்.

சுந்தராம்பாள்


முருகன் துணை
பழனி அடிவாரம்
2-9-1960

தங்கைக்கு. நலம்தான். கோயிலில் சோலி அதிகம், அதனால் தாமதம்.

எனக்கு விழுந்தது ரெட்டை ஆறு.

கட்டத்துக்குள் இருக்கும் காய் எதையும் ஆறு நகர்த்த வழியில்லை. நாலு ஆறையும் வாசலில் இருந்த ஜோடிதான் ஆடவேண்டும். எழுப்பிக்கொண்டு வந்து உள்ளே வைத்துவிட்டேன். உன் வாசல் திறந்துவிட்டது. இனி வெறும் ஓட்டம், ஓட்டத்தில் நீ முந்திவிட்டாய். ஆட்டம் உன்னுடையது. நீ மலையிலேயே இரு. இனி அந்தப் பேச்சை எடுக்க மாட்டேன்.

ஆயுசு முழுக்க ரெட்டை ஆறுக்காகக் கும்பிட்டவன் நான். வேண்டாத நேரத்தில் கொடுத்துவிட்டான்.

உன் அண்ணன்


கொடைக்கானல்
12-9-1960

அண்ணன் அவர்களுக்கு வணக்கம். நான் சுகம்.

ஜெயித்தால் ஊருக்கெல்லாம் ஜாம் கொடுப்பேன் என்று நினைத்திருந்தேன். கார்டைப் படித்ததும் அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன். அண்ணா, அந்தக் கையை நீங்கள் மாற்றி எழுதியிருந்தால் யாருக்குத் தெரியும்? பகடை உங்கள் வீட்டில், நான் இங்கே. ரெண்டு ஒண்ணு என்று எழுதியிருந்தால் என் கதை முடிந்திருக்கும். உங்களுக்கு அது தெரியாமலா இருந்திருக்கும்? தெரிந்தும் விழுந்ததை விழுந்தபடி எழுதினீர்கள். செல்லப்பாண்டியிடம் கார்டைக் காட்டி, "பாத்தியா எங்கண்ணனை!" என்றேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு, "தப்புத்தான்க்கா" என்றார். அன்றைக்குக் குடிக்காத டீயையும் சேர்த்துக் குடிக்கவைத்தேன்.

நான் நன்றாக ஆடினேன், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் இந்த ஆட்டத்தில் பெரிய ஆள் நீங்கள்தான்.

தட்டுகளை அலமாரியில் அடுக்கிவிட்டேன். பேரிக்காய் ஒரு கூடை அனுப்பியிருக்கிறேன். அண்ணிக்குப் பிடிக்கும்.

சுந்தராம்பாள்


பழனி
3-10-1960

சுந்தரம் தாயிக்கு அண்ணி குப்பம்மாள் எழுதிக்கொண்டது. இது நானா எழுதற கடுதாசி. அவருக்குத் தெரியாது. பேரிக்காய் வந்துச்சு, அப்படியே கூடையிலயே கெடக்கு.

உங்கண்ணனுக்கு நகச்சுத்தியும் இல்ல ஒன்னும் இல்ல. கண்ணு தெரியல. சித்திரையிலயே மங்கிப்போச்சு. விபூதிப் பொட்டலம் எது, சூடப் பொட்டலம் எதுன்னு மோந்து பாத்துத்தான் எடுக்காரு. மதுரைக்குக் கூட்டிட்டுப் போனேன். ரெண்டு கண்ணுலயும் புரை, ஆபரேசன் பண்ணினா பாக்கலாம்னு டாக்டர் சொன்னாரு. இவரு மாட்டேன்னுட்டாரு. முருகன் குடுத்தது அவனே எடுத்துக்கிட்டான், விழுந்ததை ஆடணும்னு உன் பேச்சையே எனக்குத் திருப்பிச் சொல்றாரு. உனக்கு எழுதக் கூடாதுன்னு என் தலையில அடிச்சுச் சத்தியம் வாங்கிட்டாரு. கண்ணுக்காக நீ இரக்கப்பட்டு வரக் கூடாதாம். ஆடி ஜெயிச்சுத்தான் கூப்பிடுவாராம்.

பகடையை உருட்டிட்டு, "என்ன குப்பம்மா?"ன்னு என் குரல் வர்ற பக்கம் திரும்பிக்கிட்டு உக்காந்திருப்பாரு. அந்த மூஞ்சியைப் பாத்து ரெண்டு ஒண்ணுன்னு சொல்ல எனக்கு மனசு வரல தாயி. ரெட்டை ஆறு, ரெட்டை அஞ்சுன்னு வாய்க்கு வந்ததைச் சொன்னேன். எனக்குத் தெரிஞ்சது தாயந்தான். பெருசு விழுந்தா நல்லதுன்னுதானே நெனைப்பேன்? உன் கடுதாசியில பெருசு எப்பவும் நல்லதில்லன்னு எழுதினியே, வாசிச்சேன், ஆனா ஏதோ அவரை மட்டம்தட்ட எழுதறேன்னு விட்டுட்டேன். சின்னது விழுந்தாப் போதும்னு பொறகு எழுதினதும் என் மண்டையில ஏறல.

ஆடியில ஒரு நாள் உருட்டினாரு. ரெண்டும் ஒண்ணும் கெடந்துச்சு. ச்சீ, இவ்வளவு நாள் காத்திருந்தவருக்கு இதான்னு நெனைச்சு ரெட்டை ஆறுன்னேன். அவரு மூஞ்சி செத்துப்போச்சு. "நல்லாப் பாத்தியா?"ன்னாரு. நல்லாப் பாத்தேன்னேன். மூணு வாரத்துக்கு மேல கார்டு எழுதவே விடல. அப்புறம், "விழுந்தது விழுந்துருச்சு, எழுது"ன்னாரு. ரெண்டு ஒண்ணுன்னா உன் கதை முடிஞ்சிருக்கும்னும் அவரு பெரிய ஆளுன்னும் நீ எழுதினதை வாசிக்கும்போதுதான் நான் என்ன பண்ணிட்டேன்னு எனக்கு விளங்குச்சு. அவரு ஜெயிக்க வேண்டியதை நான்தான் தோக்கடிச்சுட்டேன்.

நீ வரணும்னுதான் தாயி எனக்கும் ஆசை. அந்தக் காலத்துல உன்னைப் பாத்து, இந்த வீட்டுல ரெண்டு பொம்பளைக்கு ஏது சோலின்னு கேட்டேன். மறுநா நீ போயிட்டே. இந்தப் பதினெட்டு வருசத்துல அதை நெனைக்காத நாளு கொறவு. எனக்கு மன்னிப்புக் கேக்கத் தெரியல. நீ ஜெயிச்சதைப் பிடுங்கவும் எழுதல. அவருக்குக் கண்ணு வேணும். நான் சொன்னாக் கேக்கல. நீ சொல்லு.

குப்பம்மாள்


கொடைக்கானல்
10-10-1960

அண்ணன் அவர்களுக்கு. இதை அண்ணிதான் உங்களுக்கு வாசிக்கப் போகிறார்கள். அண்ணி, ஒரு எழுத்தைக்கூட விடாமல், மாற்றாமல் வாசியுங்கள். இது ஒன்றையாவது விழுந்தபடி சொல்லுங்கள்.

அண்ணா, உங்களுக்கு அன்றைக்கு ரெட்டை ஆறு விழவில்லை. ரெண்டும் ஒண்ணும்தான் விழுந்தது. அதற்கு முன்னால் விழுந்த ரெட்டை ஆறுகளும் விழவில்லை. அண்ணி உங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு வாயால் உருட்டியவை அவை. திட்டாதீர்கள். இப்போது அவர்கள் அழுதுகொண்டு வாசிப்பார்கள், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் மேல் இவ்வளவு ஆசை வைத்த ஒருத்தியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அதிர்ஷ்டத்தைப் பகடையில் தேடியிருக்கிறீர்கள்.

எனக்கு உங்கள் மேல் கோபம் ஒன்றுதான். கண்ணைப் பற்றி எனக்கு எழுதவில்லை. விழுந்ததை ஆடணும் என்றீர்களாம். அதைச் சொன்னது நான். கையைக் கட்டிக்கொண்டு உட்காரச் சொல்லவில்லை. நகர்த்த இடம் இருக்கிறவரைக்கும் நகர்த்தியே ஆகவேண்டும் என்றுதான் சொன்னேன். புரை விழுந்தது உங்கள் கையில் இல்லை. மதுரைக்குப் போவது உங்கள் கையில்தான் இருக்கிறது. டாக்டர் வழி காட்டியிருக்கிறார். நீங்கள் ஆட மறுக்கிறீர்கள். அப்படி மறுக்க ஆட்டத்தில் இடம் கிடையாது.

நான் ஜெயித்த ஆட்டத்தைத் திருப்பிக் கொடுக்கிறேன். பொய்க்கையில் வந்த ஜெயம் எனக்கு வேண்டாம். உங்கள் ஜோடியைத் திரும்ப என் வாசலில் வையுங்கள். ரெண்டையும் ஒண்ணையும் ஆடுங்கள். பந்தயம் பந்தயமாகவே இருக்கட்டும். நான் தோற்றால் வீட்டைப் பூட்டிவிட்டு வருகிறேன். ஆனால் அடுத்த பகடையை நீங்களே உருட்டி, உங்கள் கண்ணாலேயே பார்க்கவேண்டும். அதுவரைக்கும் ஆட்டம் நிற்கிறது.

வியாழக்கிழமை புறப்பட்டு வருகிறேன். இது பந்தயத்தில் சேராது. ஆஸ்பத்திரியில் தலைக்கு ரெண்டு பக்கமும் மணல் மூட்டை வைத்து அசையாமல் படுக்கப் போடுவார்களாம். நீங்கள் அசையாமல் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் போதாது. அண்ணி, உங்கள் அடுப்படியில் எனக்குக் கொஞ்ச நாளைக்குச் சோலி இருக்கும் போலிருக்கிறது. அலமாரியில் இருக்கும் ஆறு தட்டில் மூன்றை எடுத்துக்கொண்டு வருகிறேன்.

சுந்தராம்பாள்


முருகன் துணை
பழனி அடிவாரம்
26-2-1961

தங்கை சுந்தராம்பாளுக்கு அண்ணன் குழந்தைவேல், என் கையால், என் கண்ணால் எழுதியது. கோடு கொஞ்சம் வளைந்திருந்தால் சோடாப் புட்டிக் கண்ணாடியைத் திட்டு, என்னைத் திட்டாதே. நாங்கள் நலம். தைப்பூசம் முடிந்ததும் நீ மலையேறிப் போனதிலிருந்து வீடு வெறிச்சென்று கிடக்கிறது. உன் அண்ணி தினமும் மூன்று பேருக்கு உலை வைத்துவிட்டு முழிக்கிறாள்.

நேற்று மலைக்கோயில் கோபுரத்தைக் கடையில் இருந்தபடியே பார்த்தேன். கலசம் தெரிந்தது. ஆஸ்பத்திரியில் ஏழு நாளும் என் தாடையைப் பிடித்துக்கொண்டு, "அசையாதீங்க, அசைஞ்சா வெட்டிருவேன்" என்று நீ மிரட்டியதை நினைத்துக்கொண்டேன். என்னை இதுவரை அப்படி யாரும் ஆட்டிவைத்ததில்லை. உன்னைத் தங்கையாக விழவைத்தவனுக்கு என்ன கைம்மாறு செய்வேன் என்று தெரியவில்லை.

ஆட்டத்துக்கு வருகிறேன். ரெண்டும் ஒண்ணும் ஆடியாயிற்று, ஜோடி உன் வாசலிலேயே இருக்கிறது. உனக்கு ஐந்தும் நாலும் விழுந்து, ஒரு காய் உள்ளே போய், மற்றது தனியாக நிற்பதாகக் கார்டு வந்தது. எனக்கு ஒரு பகடையிலோ ரெண்டும் சேர்ந்தோ ஐந்து வந்தால் வெட்டு. முப்பத்தாறு விதமாக விழும் பகடையில் பதினைந்து என் பக்கம், இருபத்தொன்று உன் பக்கம் என்று கணக்கும் போட்டு எழுதியிருந்தாய். தோற்றால் வீட்டை விட்டு வரவேண்டிய நிலைமையில், தனக்கு எதிரான கணக்கை எதிராளிக்கு எழுதி அனுப்புகிறவளை நான் வேறெங்கும் பார்க்கமாட்டேன்.

இன்று காலை குளித்து, விபூதி பூசி, கடைப் பலகையில் வைத்து உருட்டினேன். கும்பிட்டுக்கொண்டுதான் உருட்டினேன், பொய் சொல்ல மாட்டேன். ஐந்து வரவேண்டும் என்று கேட்கவில்லை. என்ன விழுந்தாலும் தெரியவேண்டும் என்று கேட்டேன்.

மூணும் ஒண்ணும். ஒவ்வொரு புள்ளியாக எண்ணினேன். நாலு புள்ளி. ஒரு அடி குறைந்துவிட்டது.

ஆட்டம் உன்னுடையது சுந்தரம். இந்தத் தடவை நிஜமாகவே உன்னுடையது. நீ மலையிலேயே இரு. சித்திரை பிறந்ததும் நாங்கள் ரெண்டு பேரும் ஏறி வருகிறோம், ஒரு மாதத்துக்குக் குறையாது. மிச்சம் மூன்று தட்டையும் துடைத்து வை.

இதை எழுதும்போது உன் அண்ணி தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். "இப்பத்தானே எனக்கு ஆட்டம் வெளங்கியிருக்கு, அஞ்சுன்னு எழுதிரட்டா?" என்கிறாள்.

உன் அண்ணன்
குழந்தைவேல்